மஞ்சள் தடவிய சாண் கட்டை

மண்ணீரல் என்று ஒன்று மனுஷ உடம்பில் இருப்பதே நாற்பத்து மூன்று வயது வரை எனக்குத் தெரியாது. கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு ஆட்டு மண்ணீரல் வாங்கியிருக்கிறேன். ரத்தம் ஊறும் என்று மிளகு போட்டு வதக்கி என் வீட்டுக்காரருக்கு வைத்திருக்கிறேன். ஆட்டுக்கு இருப்பது நமக்கும் இருக்கும் என்று யோசித்ததில்லை, அவ்வளவுதான். இப்போது என் வீட்டுக்காரருக்கு அது இல்லை. எடுத்துவிட்டார்கள். எடுக்கும்படி ஆனது எப்படி, ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் எப்படிப் போயின என்று எழுதி வைக்கிறேன். மரவேலை செய்கிற வீட்டில் யாராவது படித்தால் உபயோகப்படும். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. நான் என்னைத் திட்டிக்கொண்டதைவிட அதிகமாக யாரும் திட்டிவிட முடியாது.

என் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. எழுதுவேன், வாய்விட்டுக் கூப்பிடத்தான் மாட்டேன். முடிச்சூரில் எங்களுக்கு ஒரு மரப் பட்டறை இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். நிலை, கதவு, ஜன்னல் செய்கிறோம். அவரும் தாஸ் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் வேலை. நான் ஆர்டர் எடுப்பேன், வார்னிஷ், பெயின்ட் எல்லாம் என் கை. எங்களுக்குக் குழந்தை இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கதைக்கு இது வேண்டும்.

பட்டறையில் பெரிய சாமான் என்றால் திக்னஸ் மிஷின்தான். பலகையை ஒரு பக்கம் விட்டால் பல் வைத்த உருளை ஒன்று கவ்வி உள்ளே இழுக்கும். உள்ளே ஒரு தண்டில் மாட்டிய பிளேடுகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றி மேல்பக்கத்தைச் சீவும். அந்தப் பக்கம் இன்னொரு உருளை பிடித்து வெளியே தள்ளும். கோணல்மாணலாகப் போன பலகை ஒரே கனத்தில் வெளியே வரும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த மிஷின் பக்கம் போக என் வீட்டுக்காரர் ஆயிரம் சட்டம் வைத்திருந்தார். வேலைக்குச் சேருகிறவர்களிடம் அவர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

"ஒரு முழத்துக்குக் கம்மியா கீற கட்டைய இதுல விடாத. முன்னாடி உருளை விட்ரும், பின்னாடி உருளை இன்னும் புடிச்சிருக்காது, நடுவுல கட்டை பிளேடுல மாட்டிக்கினு திரும்பிப் பறக்கும். நேர் பின்னாடி நிக்காத, ஓரமா நில்லு. கிளவுஸ் போட்டுக்கினு வராத, உருளை இழுத்துக்கும். பழைய பலகைன்னா காந்தம் வச்சு ஆணி கீதான்னு பாரு. உள்ள சிக்கிச்சுன்னா குனிஞ்சு எட்டிப் பாக்காத. மொதல்ல சுவிட்சு, அப்பால பிளக்கப் புடுங்கு, பிளேடு நிக்கட்டும், அதுக்கப்பால கை."

இத்தனையும் சொன்ன மனுஷனுக்குத்தான் அடி விழுந்தது. அதற்கு ஆயுத பூஜை காரணம் என்று சொன்னால் சாமி குத்தம் ஆகிவிடும். எங்கள் புத்திதான் காரணம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பூஜையன்று ஒரு சாண் நீளத் தேக்குக் கட்டையில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் வீட்டுப் பெண் ஒருத்தி அதை இழைத்து வேலையைத் தொடங்கி வைக்க வேண்டும். என் மாமனார் நாளில் இது கை இழைப்புளியில் நடந்தது. இரண்டு இழுப்பு இழுத்து, வந்த சுருளைச் சாமிக்கு வைப்பார்களாம். இழைப்புளிக்கு ஒரு சாண் தாராளம். மிஷின் வந்ததும் இழைப்புளி பரணுக்குப் போனது. சாண் கட்டை மட்டும் அப்படியே மிஷினுக்கு வந்துவிட்டது. வருஷம் முழுக்க முழத்துக்குக் குறையாதே என்று கத்துகிறவர், அந்த ஒரு நாள் மட்டும் சாணை விடச் சொல்வார். கேட்டால், "அது சாமி கட்டை, ஒண்ணியும் பண்ணாது" என்பார். நாங்களும் தலையாட்டுவோம்.

ஒவ்வொரு வருஷமும் படப்பையிலிருந்து என் நாத்தனார் மல்லிகா அண்ணி வந்து கட்டை விடுவார். இந்த முறை அவர் மகளுக்குப் பிரசவமாகிப் பத்து நாள், வர முடியவில்லை. "நீ விடு கலா" என்றார் இவர். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. பிள்ளை இல்லாதவள் கையால் தொடங்கக் கூடாது என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் யாரும் என்னைக் கூப்பிட்டதும் இல்லையே! எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. பூஜைக்கு முந்தின நாளே மிஷினைத் துடைத்து, பழைய பெயின்ட் உரிந்த இடமெல்லாம் பச்சை எனாமல் அடித்துப் புதுப்பெண் மாதிரி ஆக்கி வைத்திருந்தேன்.

விஜயதசமி காலை. தேங்காய் உடைத்தாயிற்று. கொண்டையை இறுக்கிக் கட்டி, முந்தானையை இழுத்துச் செருகி, வளையலைக் கழற்றிவிட்டு நின்றேன். "ஓரமா நில்லு" என்றார். ஓரமாகத்தான் நின்றேன். அவர் மட்டும் போனை எடுத்துக்கொண்டு மிஷின் வாய்க்கு நேர் எதிரே, எனக்கு நான்கடி பின்னால் போய் நின்றார். நானும் மிஷினும் ஒரே படத்தில் வர வேண்டுமாம்.

"இங்க பாரு, சிரி" என்றார்.

சிரித்துக்கொண்டே தள்ளினேன். கட்டை உள்ளே போனது. டப் என்று ஒரு சத்தம். ஏதோ என் இடுப்பை ஒட்டிக்கொண்டு போனது தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. திரும்பினால் இவர் தரையில் உட்கார்ந்திருந்தார். போன் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

மரப் பட்டறைகளில் ஒரு கேள்வி உண்டு. யாருக்கு என்ன ஆனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்: "பத்தும் கீதா?" விரல்தான் எங்கள் சொத்து. தாஸ் அண்ணன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து இவருடைய இரண்டு கையையும் தூக்கிப் பிடித்து எண்ணினார்.

"பத்தும் கீது!"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், கடவுளே. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஒருவரும் அவர் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தபோது பார்த்தேன். இடது பக்கம், கடைசி விலாவுக்குக் கிட்டே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. தைலம் தேய்த்தேன். டாக்டரிடம் காட்டலாம் என்றதற்கு, "ஊமக்காயம் கலா, ரெண்டு நாள்ல பூடும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கட்டை அடிச்சத யாராண்டயும் சொல்லாத. அக்கா காதுக்குப் போச்சுன்னா, இவ கைய வச்சா இப்பிடித்தான்னு ஊரெல்லாம் ஆரம்பிச்சிரும். தாஸ் கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். எனக்காகத்தான் சொன்னார். எனக்கும் அது இதமாக இருந்தது, அதுதான் உண்மை.

இரண்டு நாள் வேலை செய்தார். வயிறு உப்புசமாக இருக்கிறது என்றார். பூஜைச் சுண்டலும் பொரியும் மிச்சமிருந்ததைத் தின்றதால் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் இடது தோள்பட்டை வலித்தது. நிமிர்ந்து படுத்தால் அதிகமாகிறது, உட்கார்ந்தால் குறைகிறது என்றார். இடது தோள் என்றதும் மாரடைப்போ என்று பயந்துவிட்டேன். தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது என்றார் அந்த டாக்டர். "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"சுண்டல் கொஞ்சம் ஜாஸ்தியா துன்னுட்டேன் சார்" என்றார் இவர்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர். தண்ணி லாரிக்காரனிலிருந்து கவுன்சிலர் வரை நான் சண்டை போடாத ஆள் இல்லை. அப்பேர்ப்பட்ட வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. கேஸ் ஊசி ஒன்று போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை பல் தேய்க்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சரிந்தார். முகம் வெள்ளைச் சுவர். தொட்டால் சில்லென்று வேர்வை. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரத் தம்பி அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெயரெல்லாம் வேண்டாம். நன்றாகத்தான் பார்த்தார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். ரத்த அழுத்தம் பார்த்தார், எண்பதுக்குக் கீழே. வயிற்றின் இடது பக்கம் கையை வைத்ததும் இவர் அலறினார்.

"எங்கேயாவது விழுந்தாரா? அடி ஏதாவது பட்டதா?"

"இல்ல மேடம். கேஸு" என்றார் இவர்.

"நிஜமா சொல்லுங்க. வண்டியிலேர்ந்து விழுந்தீங்களா? யாராவது அடிச்சாங்களா?"

"இல்ல மேடம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். போர்வைக்குக் கீழே இவர் கை என் விரலைப் பிடித்து அழுத்தியது. பிடித்த கையில் பலமே இல்லை. எவ்வளவு பாரம் தூக்குகிற கை! அந்தப் பலமில்லாத அழுத்தம்தான் என்னைப் பயமுறுத்தியது. அந்தக் கையை உதறினேன்.

"அடி பட்டுச்சு மேடம். நாலு நாள் ஆவுது. மிஷின்லேர்ந்து கட்டை பறந்து வந்து இங்க அடிச்சுது. நான்தான் மேடம் விட்டேன்."

இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. ஸ்கேன் வண்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். இரண்டு நிமிஷத்தில் இவர் வயிற்றில் பசையைத் தடவி ஏதோ ஒரு கருவியை வைத்து உருட்டினார்கள். திரையில் கறுப்பாக ஒரு இடம் தெரிந்தது. கறுப்பெல்லாம் ரத்தம் என்றார்கள். வயிற்றுக்குள், இருக்கக் கூடாத இடத்தில்.

சி.டி. ஸ்கேனும் எடுத்த பிறகு அறுவை சிகிச்சை டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். பெரியவர், அவசரமில்லாமல் பேசினார். மண்ணீரல் இடது விலாவுக்குள் ஒளிந்திருக்கிற ஒரு கை அகலச் சதை. ரத்தத்தை வடிகட்டும், சில கிருமிகளைப் பிடித்துக் கொல்லும். அடிபட்டதும் அது உள்ளுக்குள்ளேயே கிழிந்திருக்கிறது. அதன் மேல் இருக்கிற மெல்லிய உறை நாலு நாள் ரத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. இன்று காலை உறையும் கிழிந்துவிட்டது. கசிந்த ரத்தம் மேலே போய் மூச்சு விட உதவுகிற தசையைத் தொட்டால் வலி தோளில் தெரியுமாம். தோளுக்கும் அதற்கும் ஒரே நரம்பு. நான் ஒன்றும் புரியாமல் விழித்ததைப் பார்த்து நர்ஸ், "சுவரொட்டி அக்கா. சுவரொட்டி கிழிஞ்சிருக்கு" என்றார். உடனே புரிந்தது. எத்தனை தடவை அதைக் கழுவி வெட்டியிருக்கிறேன். கத்தி பட்டதும் எவ்வளவு ரத்தம் வரும் என்று எனக்குத் தெரியும்.

"கட்டை அடிச்சதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கும்" என்றார் பெரிய டாக்டர். குத்திக்காட்டவில்லை, சும்மா சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

சலைன் ஏற்றியதில் அழுத்தம் கொஞ்சம் ஏறியிருப்பதால் உடனே அறுக்க மாட்டோம் என்றார். அசையாமல் படுத்திருந்தால் சில சமயம் தானாக ரத்தம் நின்றுவிடுமாம். ரத்தம் ஏற்றிப் பார்க்கலாம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பரிசோதிக்கலாம், அளவு நின்றால் பிழைத்தோம், இறங்கினால் அறுவை. அப்படியென்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்க செய்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஐ.சி.யூ. வாசலில் வரிசையாக இரும்பு நாற்காலி. சத்தமில்லாமல் ஒரு டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை நர்ஸ் ஒரு எண்ணைச் சொல்வார். எட்டு புள்ளி இரண்டு. ரத்தம் ஏற்றிய பிறகு ஒன்பது. ஒன்பது என்றதும் நான் அந்த நர்ஸைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அடுத்து எட்டு புள்ளி ஆறு. அந்த எண் ரத்தத்தில் இருக்கிற சிவப்புச் சத்தின் அளவு. ஆம்பளைக்குப் பதின்மூன்றுக்கு மேலே இருக்க வேண்டுமாம். எனக்கு அது என்ன சத்து என்பதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஏறினால் மூச்சு விடுவேன், இறங்கினால் விடமாட்டேன். கையும் காலும் நன்றாக இருக்கிற ஒருத்தி, புருஷன் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருக்க, நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறாள். தின்னாதே என்று சொல்லவும் முடியவில்லை, பசித்தது. பசித்ததற்காக அழுதேன்.

மறுநாள் காலை தாஸ் அண்ணன் வந்தார். பட்டறை ஆட்கள், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் என்று ரத்தம் கொடுக்க ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து மிஷினப் பாத்தேன் கலாம்மா. வாய் மேல நகம் நகமா தொங்கும்ல, கட்டை உள்ள போனா தூக்கி வழி விட்டுட்டு, திரும்பி வந்தா மேல குத்தி நிறுத்தும்... அது ஒண்ணும் ஆடல. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கீது."

"இன்னா ஒட்டிக்கினு கீது?"

"பெயின்ட்டு."

தாஸ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இத்தினி வருஷமா அந்தக் கட்டை உள்ள தெறிச்சுதான் கீது போல. நகம் புடிச்சி நிறுத்திகினு இருந்துச்சு. நாமதான் சாமி காப்பாத்துதுன்னு இருந்துட்டோம். நானும் கீறேன் பாரு, விரல எண்ணிக்கினு."

ஆக, விட்டதும் நான், தடுக்கிறதைப் பெயின்ட் அடித்து ஒட்டியதும் நான். பளபளப்பாக இருக்க வேண்டும் என்று இரண்டு பூச்சு வேறு.

அன்று மத்தியானம் மல்லிகா அண்ணி வந்தார். பச்சைப் பிள்ளையையும் மகளையும் சம்பந்தியிடம் விட்டுவிட்டுப் படப்பையிலிருந்து பஸ்ஸில், கையில் கஞ்சித் தூக்கோடு. தம்பி மேல் உயிர் அவருக்கு. அவரைப் பார்த்ததும் இனி ஒளிக்க என்னிடம் தெம்பில்லை என்று தெரிந்துவிட்டது.

"கட்டை அடிச்சுதாமே? யாரு விட்டது?"

"நான்தான் அண்ணி. மிஷினுக்கு பெயின்ட் அடிச்சதும் நான்தான். அவர கிளினிக்ல வச்சு கேட்டப்ப வாயத் தொறக்காததும் நான்தான்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றே இருந்தது. அவர் தூக்கைக் கீழே வைத்தார். அப்புறம் பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

"திரும்பு. தலை இன்னா கோலத்துல கீது பாரு."

சிக்கெடுத்து, எண்ணெய் கூட இல்லாமல் இழுத்து இழுத்து வாரிப் பின்னினார். வலித்தது. பின்னி முடித்துவிட்டு என் முதுகுக்குப் பின்னாலிருந்தே சொன்னார்: "நான் வந்திருந்தா நான்தானே விட்டிருப்பேன். அது என் கட்டைடி. உன் கைக்கு வந்துச்சு, அவ்ளோதான். கஞ்சியக் குடி."

இவர் எதற்குப் பயந்து நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அது இவ்வளவுதான். ஒரு சீப்பு, ஒரு தூக்குக் கஞ்சி. இதற்காகவா ஒரு மனுஷன் செத்துப்போகப் பார்த்தான் என்று அங்கேயே வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் எண் ஏழு புள்ளி ஒன்று. ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஏழு. பெரிய டாக்டர் வேகமாக நடந்து வருவதைப் பார்த்ததுமே புரிந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எதற்கெல்லாம் சம்மதம் என்று நீளமாக எழுதியிருந்தது, உயிர் போவது உட்பட. அண்ணி பக்கத்தில் நின்று என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது இவருக்கு நினைவு இருந்தது. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. கிட்டே குனிந்தேன். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், "அந்தப் போட்டோ வந்துச்சா பாரு" என்றார்.

இரண்டரை மணி நேரம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கதவு திறக்கும், வேறு யாரையோ கூப்பிடுவார்கள், கதவு மூடும். சாமி கும்பிடலாம் என்று பார்த்தேன். எந்த முகத்தோடு கும்பிடுவது என்று விட்டுவிட்டேன். அண்ணிதான் மாடம்பாக்கம் கோயிலுக்கு ஏதோ வேண்டிக்கொண்டார். பெரிய டாக்டர் வெளியே வந்து, "எடுத்தாச்சு. ரத்தம் நின்னுடுச்சு" என்று சொன்னபோது எனக்கு முதல் வார்த்தை மட்டும்தான் கேட்டது. எதை, யாரை எடுத்தாச்சு என்று ஒரு கணம் உயிர் போய் வந்தது.

அறுவை முடிந்த மூன்றாம் நாள், இவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். மிஷின் அடி என்றால் ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லியாக வேண்டுமாம். நோட்டைத் திறந்தார்.

"யாருய்யா மிஷின்ல கட்டை வுட்டது?"

"நான்தான் சார்" என்றார் இவர்.

"இங்க உன் சம்சாரம் வுட்டதா எழுதிக்கீதே?"

"அது பயத்துல உளறிச்சு சார். என் வூட்டுக்காரி மிஷின் பக்கமே வராது."

"சார், நான்தான் விட்டேன். இவர் பின்னாடி நின்னு போட்டோ எடுத்தாரு."

போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கு சர்வீஸ்ல இத்தினி வருஷத்துல, ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு சண்ட போட்டு இப்பத்தான் பாக்கறேன். யாரும் யாரையும் அடிக்கலல்ல? கைதவறிப் போச்சுன்னு எழுதிக்கறேன். கையெழுத்துப் போடும்மா."

அவர் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன். வயிற்றில் மேலிருந்து கீழ்வரை தையல், மூக்கில் குழாய் என்றெல்லாம் பார்க்கவில்லை. "யோவ், இன்னும் எத்தினி பொய் வச்சிக்கினு கீற? என்ன காப்பாத்தறேன் காப்பாத்தறேன்னு உன்ன சாகடிச்சிக்கினு இருந்த. நீ பூட்டா எவளுக்குய்யா வேணும் அந்த நல்ல பேரு?" என்று கத்தினேன். நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னார். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. சிரித்தால் தையல் வலிக்கும் என்று சிரிப்பை அடக்கினாராம், அப்புறம் சொன்னார். எனக்கு நம்பிக்கையில்லை.

பில்லைப் பற்றி எழுதப்போவதில்லை. விஜயதசமியன்று கழற்றி வைத்த வளையலை நான் திரும்பப் போடவேயில்லை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பெரிய டாக்டர் ஒன்று சொன்னார். அதை மட்டும் நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மண்ணீரல் இல்லாத உடம்புக்குச் சில கிருமிகளைத் தடுக்கத் தெரியாது. தடுப்பூசிகள் போட வேண்டும், போட்டாலும் முழுக் காவல் கிடையாது. மற்றவர்களுக்கு வெறும் காய்ச்சல், இவருக்கு அது சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். காய்ச்சல் என்றால் கஷாயம், மாத்திரை, நாளைக்குப் பார்ப்போம் என்பதெல்லாம் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. "எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்றேன். "ஆயுசுக்கும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் காபிக்கு முன்னால் என் புறங்கை இவர் நெற்றியில்தான் இருக்கும்.

தாஸ் அண்ணன் பெயின்டைச் சுரண்டிவிட்டார். நகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடுகின்றன. மிஷினைப் போடுவதற்கு முன்னால் விரலால் தட்டி ஆட்டிப் பார்ப்பது இப்போது என் வேலை. ஷெட்டின் மூலையில் அந்தச் சாண் கட்டையும் கிடைத்தது, ஒரு முனை சிராய்ந்து, குங்குமம் அழியாமல். பூஜையில் வைத்ததைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வரவில்லை. ஷெட் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு அந்த வேலை போதும்.

போன மாதம் ஒரு மத்தியானம். சாப்பிட வந்தவர் தட்டைத் தள்ளிவிட்டுப் போர்வையைத் தேடினார். நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது. "ஒண்ணியும் இல்ல கலா, வெயில்ல நின்னேன்" என்றார். செருப்பைக் கூடத் தேடாமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன். தாம்பரம் வரைக்கும் சிக்னல் சிக்னலாக நின்று நின்று போனது. ஒவ்வொரு சிக்னலிலும் இவர் பல் தந்தியடிப்பது எனக்குக் கேட்டது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைத் தவிர என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் இந்தத் தடவை வேறு ஒரு டாக்டர், இளவட்டம். பேனாவைத் திறக்கக்கூட விடவில்லை நான்.

"சார், இவருக்கு மண்ணீரல் இல்ல, எடுத்துட்டாங்க. ஒரு மணிலேர்ந்து காய்ச்சல், குளிர் ஜுரம். ஊசியெல்லாம் போட்டிருக்கு, சீட்டு இதோ. திக்னஸ் மிஷின்ல சாண் கட்டைய விட்டு அது அடிச்சுது. நாலு நாள் சொல்லாம இருந்தோம். கட்டைய விட்டது நான்தான் சார்."

டாக்டர் அதற்குள் நர்ஸிடம் மருந்து ஏற்றச் சொல்லிவிட்டார். ஊசி குத்திக்கொண்டே, "சரிம்மா, யாரு விட்டதுன்னு எல்லாம் இப்ப எதுக்கு? நான் கேக்கவே இல்லையே" என்றார்.

"நீங்க கேக்கற வரைக்கும் நான் காத்துக்கினு இருக்க மாட்டேன் சார்" என்றேன்.

படுக்கையிலிருந்து இவர் கை போர்வைக்கு வெளியே வந்து என் விரலைப் பிடித்தது. இந்தத் தடவை அழுத்தவில்லை. சும்மா பிடித்திருந்தது.